நிறம், சுவை, மணம்

ஓதும் பள்ளியில் நாங்கள் முதன்முதலாகக் கற்ற சட்டங்களுள் ஒன்று தண்ணீரைப் பற்றியது. எந்தத் தண்ணீரால் ஒளுச் செய்யலாம், எதனால் கூடாது என்பதை ஹஜ்ரத் அவர்கள் விரல் மடக்கிச் சொல்லித் தருவார்கள். ஓடும் தண்ணீர் தூய்மையானது. அதில் அசுத்தம் விழுந்தாலும், நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்றேனும் அதனால் மாறாதவரை அது தூய்மையானதே. மூன்றில் ஒன்று மாறிவிட்டாலோ, ஆறே ஆனாலும் அது ஒளுவுக்கு உதவாது. தேங்கிய நீரின் அளவைப் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபிகளுக்குப் பத்து முழத்துக்குப் பத்து முழம் கொண்ட ஹவுள், ஷாஃபிகளுக்கு இரண்டு குல்லத்து அளவு. நிறம், சுவை, மணம் என்னும் இம்மூன்று அடையாளங்களில் மட்டும் எவருக்கும் மாற்றுக் கருத்துக் கிடையாது.

திருச்சிராப்பள்ளிப் பிள்ளைகளாகிய எங்களுக்கு, ஓடும் தண்ணீருக்கு உதாரணம் தேட வேண்டிய சிரமம் இருக்கவில்லை. பாலக்கரையில் உய்யக்கொண்டான் ஓடிக்கொண்டிருந்தது. 1960-களில் அதன் படியில் பெரியவர்கள் இறங்கி முகம் கழுவி, கை கழுவி, மஸ்ஹு செய்து, கால் நனைத்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்தவாறே அஸர் தொழுகைக்கு விரைவதைக் கண்டு வளர்ந்தவன் நான். இன்று அந்தக் கால்வாயின் கரையில் நின்றால் ஹஜ்ரத் அவர்களின் மூன்று விரல்களும் ஒருசேர மடங்கிவிடுகின்றன. நிறம் கருமை. மணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் மூக்கைப் பொத்தாமல் பாலத்தைக் கடப்பவர் அரிது. சுவையைச் சோதிக்கும் துணிவு எவருக்கும் இராது. மார்க்கச் சட்டத்தின் பார்வையில், நம் பாட்டன்மார் ஒளுச் செய்த தண்ணீர், தண்ணீர் என்னும் தகுதியையே இழந்துவிட்டது. ஆயிரமாண்டுக் கால்வாய் ஒன்று இப்படித் தகுதி இழப்பதற்கு ஓர் ஊர் முழுவதும் பங்கு செலுத்தியிருக்க வேண்டும்.

ஆயிரமாண்டு என்று நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பேட்டைவாய்த்தலை அருகே காவிரியிலிருந்து பிரிந்து, புத்தூரையும் பாலக்கரையையும் அரியமங்கலத்தையும் கடந்து, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை ஏரியில் சென்று சேர்கிறது உய்யக்கொண்டான். முப்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதை நம்பியிருக்கிறது. முதலாம் இராசராச சோழனின் காலத்தது என்றும், அவனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்றே அதற்கு வாய்த்தது என்றும் கூறுவர். நம் ஊரில் அடங்கியிருக்கும் நத்ஹர் வலி பாதுஷா அவர்களும் ஏறத்தாழ அதே நூற்றாண்டில்தான் இங்கு வந்து தங்கினார்கள் என்பது மரபு. அவர்களும் அவர்களோடு வந்த பக்கீர்களும் எந்தத் தண்ணீரில் ஒளுச் செய்திருப்பார்கள் என்று தர்காவின் முற்றத்தில் அமர்ந்திருக்கும்போது சில வேளை எண்ணுவதுண்டு. காவிரியாக இருக்கலாம். புதிதாக வெட்டிய இந்தக் கால்வாயாகவும் இருக்கலாம். எதுவாயினும் மூன்று அடையாளங்களும் மாறாத நீராகவே இருந்திருக்கும்.

இது எப்படி மாறியது? முதற்காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நாம் வீசுகிற குப்பை கண்ணுக்குத் தெரிகிறது. அதனாலேயே அதைப் பற்றி அதிகம் பேசுகிறோம். ஆனால் நீரைக் கருக்கச் செய்வது பெரும்பாலும் சாக்கடை. ஊர் வளர்ந்த வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வளரவில்லை; வீட்டின் பின்புறக் குழாய் மழைநீர் வடிகாலில் முடிகிறது, வடிகால் கால்வாயில் முடிகிறது. அந்தச் சாக்கடையில் உள்ள சத்துகளை உண்டு ஆகாயத்தாமரை செழிக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக உலகெங்கும் கொண்டு செல்லப்பட்ட இந்தச் செடி, ஊட்டம் மிகுந்த நீரில் இரண்டு வாரத்துக்குள் இரு மடங்காகப் பெருகவல்லது. அதன் வேர்ப்படலம் ஒரு வலையைப் போல நின்று, மிதந்து வரும் பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. குப்பை செடியைத் தாங்க, செடி குப்பையைத் தாங்க, இரண்டும் சேர்ந்து ஓட்டத்தை நிறுத்துகின்றன. ஓடும் தண்ணீர் தேங்கிய தண்ணீராகிறது. சட்டத்தின் ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்புக்கு இறங்கிவிடுகிறது. மேட்டூரிலிருந்து தண்ணீர் வரும்போது இந்தச் சுமை முழுவதும் உடைத்துக்கொண்டு கீழே போகிறது. போய்ச் சேருமிடம் வேறு எதுவுமன்று, நெல் வயல்தான்.

இதைத் தனி மனிதர் சீர்செய்ய இயலாது. அது அரசின் வேலை, நகராட்சியின் வேலை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை உண்டு. சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் சட்டத்தின் கண் படாத இடத்தில் தண்ணீரைக் காத்து வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதத்தான் இதைத் தொடங்கினேன்.

அவர்கள் பரிசல்காரர்கள்.

மூங்கிற் பிளாச்சுகளை வட்டக் கூடையாகப் பின்னி, அடியில் மாட்டுத்தோல் போர்த்தி, ஒற்றைத் துடுப்பால் செலுத்தும் பரிசலை இன்றைய பிள்ளைகள் ஒகேனக்கல்லில்தான் பார்த்திருப்பார்கள். ஒரு காலத்தில் காவிரியின் கரையோர ஊர்களுக்கெல்லாம் அதுவே வண்டி. மரக்கலத்திலிருந்து மரக்காயர் என்னும் பெயர் பிறந்ததாகச் சொல்வார்கள். கடற்கரை மக்களுக்குக் கப்பல் எப்படியோ, அப்படி ஆற்றங்கரை ராவுத்தர்களாகிய எங்களுக்குப் பரிசல். 1960-களின் தொடக்கத்தில் சபர் மாதம் ஆனி, ஆடியில் வந்தது. ஒடுக்கத்துப் புதனன்று காவிரியில் நீர் நிறைந்து ஓடும். ஒடுக்கத்துப் புதன் என்று ஒரு நாளைக் கொண்டாடலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது புகவில்லை; அந்நாளில் எங்கள் தெருவே ஆற்றுக்குப் போகும், அவ்வளவுதான். நன்னி தூக்குச்சட்டியில் தேங்காய்ச் சோறும் கோழி ஆணமும் எடுத்துக்கொள்வார். அத்தா பரிசல்காரரிடம் கூலி பேசுவார். ஆற்றின் நடுவிலிருக்கும் மணல் திட்டில் இறங்கி, வாழையிலையில் உண்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்புவோம்.

அந்தப் பரிசல்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையானவர். எச்சில் இலையை ஆற்றில் விட யாராவது கையை நீட்டினால், "இலைய ஆத்துல போடாதீங்கம்மா, துடுப்புல சுத்திக்கும். கரைக்கு எடுத்தாங்க, மாடு திங்கும்" என்பார். நன்னி இலைகளை மடித்துக் கூடையில் போட்டுக்கொள்வார். பரிசல்காரருக்குச் சுற்றுச்சூழல் என்ற சொல் தெரிந்திராது. அவருக்குத் துடுப்பு தெரியும். நாள் முழுவதும் இறங்கித் தள்ளுகிற தண்ணீர் அது. காலில் கண்ணாடிச் சில்லுக் குத்தினால் அன்றைய பிழைப்புப் போய்விடும். ஊதியமில்லாத ஒரு மேற்பார்வையாளரை ஆறு தானாகவே ஏற்படுத்திக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு பரிசல் துறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே 19-ஆம் நூற்றாண்டிலேயே பாலம் வந்துவிட்டது. இப்போதுள்ள காவிரிப் பாலம் 1976-இல் வந்தது. மேலும் கீழும் வேறு பாலங்களும் வந்தன. பாலத்தை நான் குறை கூறவில்லை. பிரசவ வேதனையில் ஒரு பெண்ணைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் கதையைக் கேட்டவர் எவரும் பாலத்தைக் குறை கூறமாட்டார். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பரிசலிலிருந்து எறிபவன் தான் எறிந்ததோடு கூடவே மிதந்து போகிறான்; அது அவன் கண்ணெதிரே இருக்கிறது. பாலத்தின் மேல் வண்டியை ஓரமாக நிறுத்திப் பையைக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் போடுபவனுக்கு அது நீரில் விழும் ஓசைகூடக் கேட்பதில்லை. ஆற்றை நாம் கடக்கிறோம், ஆற்றில் போவதில்லை. முற்றமாக இருந்த தண்ணீர் நமக்குக் கொல்லைப்புறமாகிவிட்டது.

பாலக்கரையிலும் இதுவேதான் நடந்தது. ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும் வந்த பின் எவரும் உய்யக்கொண்டான் படியில் இறங்கவில்லை. வீடுகள் அதற்கு முதுகைக் காட்டிக் கட்டப்பட்டன. பள்ளிவாசல்களும் குழாய்க்கு மாறின. கரையோரப் பள்ளிவாசல் ஒன்றில் ஒளுச் செய்த தண்ணீர் எங்கே போகிறது என்று தேடியபோது, அது கழிப்பறை நீரோடு சேர்ந்து கால்வாய்க்கே போவதைக் கண்டேன். தூய்மைக்குப் பயன்பட்ட நீர் தூய்மை கெடுவதற்குப் போகிறது. நீர்த்துறையிலும் மக்கள் நடக்கும் வழியிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அபூதாவூதில் வருகிறது. ஒருவன் மறைவிடம் தேடி ஒதுங்குகிற காலத்துக்கு உரைத்த எச்சரிக்கை அது. குழாய் வைத்து அதையே நாம் நிரந்தர ஏற்பாடாக்கிக்கொண்டோம்.

இரண்டாண்டுகளுக்கு முன்னர், மழை நின்று நீர் சற்றுத் தெளிந்திருந்த ஒரு காலையில், மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவரோடு காவிரியில் பரிசலில் போனேன். அவருடைய பரிசலில் தோல் இல்லை. உரச்சாக்கையும் பிளாஸ்டிக் தாளையும் ஒட்டித் தார் பூசியிருந்தார். "பயப்படாம நடுவுல குந்துங்க பாய்" என்று இடம் காட்டினார். இரவில் விட்டிருந்த வலையை இழுக்கத் தொடங்கினார். முதலில் வந்தது மீனன்று, ஒரு சேலை. அடுத்து ஒரு வேட்டி. திருவரங்கத்து அம்மா மண்டபத்தில் அமாவாசைக் காரியம் முடித்தவர்கள் களைந்து விடும் துணிகள் அங்கிருந்து இறங்கி வருகின்றன என்றார். பிறகு பால் பைகள், எண்ணெய்ப் பைகள், தெர்மோகோல் தட்டின் துண்டுகள், மருந்துப் புட்டி, ஒரு குழந்தையின் செருப்பு. மூன்று கெண்டையும் இரண்டு ஜிலேபியும் கிடைத்தன. ஒவ்வொரு குப்பையையும் வலைக்கண்ணிலிருந்து விடுவித்துக் காலடியில் சேர்த்தார். "திரும்ப ஆத்துல போட்டா நாளைக்கு நம்ம வலைக்கேதானே அண்ணே வரும்" என்றேன். சிரித்தார். "அதாம் பாய். ஆறு எதையும் வச்சுக்காது."

இன்னும் ஒரு பை வந்தது. ஜவுளிக்கடையின் பளபளப்பான பிளாஸ்டிக் பை. வாய் இறுகக் கட்டப்பட்டு, மிதக்காமலிருக்க உள்ளே ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. அதை மட்டும் அவர் காலடியில் போடவில்லை. இரு கைகளாலும் எடுத்து, தண்ணீரை வடித்து, தாம் உட்கார்ந்திருந்த பலகையின் மேல் வைத்தார். "இது உங்க எழுத்து பாய். அடிக்கடி வரும். கால் படக்கூடாதுன்னு மேல வைப்பேன். அப்பறம் எங்க கொண்டுபோறதுன்னுதான் தெரியல. கரையில ஒரு மரத்துப் பொந்துல வச்சிருக்கேன்."

அவிழ்த்துப் பார்க்காமலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கிழிந்த யஸர்னல் குர்ஆன், முப்பது ஜுஸ்உகளில் உதிர்ந்த ஏடுகள், ராத்திபுக் கிதாபு, திருமண அழைப்பிதழில் அச்சிட்ட பிஸ்மி. நம் வீடுகளில் ஏடு பழுதானால் காலில் மிதிபடக்கூடாதென்று ஓடும் நீரில் விடுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அதன் பின்னாலிருக்கும் எண்ணம் எத்தனை உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் காலத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. கையால் எழுதிய ஏட்டின் மை தண்ணீர் பட்டால் கரைந்து போகும்; தாள் ஊறிக் கூழாகும். எழுத்து நீரோடு கலந்துவிடும். இன்றைய அச்சு மை கரைவதில்லை. அட்டையின் மேல் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. அதற்கும் மேலாக, நனைந்துவிடக் கூடாது என்பதைப் போல அதைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டித் தண்ணீரில் விடுகிறோம். கரையட்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம், கரையாமலிருக்க ஏற்பாடு செய்துகொண்டு நடக்கிறது. முடிவில் அல்லாஹ்வின் கலாம் செருப்புக்கும் மருந்துப் புட்டிக்கும் நடுவே ஒருவருடைய வலையில் ஏறுகிறது. நம் மார்க்கத்தைச் சேராத அந்த மனிதர் அதற்குரிய கண்ணியத்தைச் செய்கிறார்.

இதற்கு மார்க்கத்தில் வழி இல்லாமலில்லை. ஓத இயலாத அளவுக்குப் பழுதான முஸ்ஹஃபைத் தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில், ஒரு முஸ்லிமை அடக்குவது போல மண்ணில் அடக்கலாம் என்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒரே முறையில் பிரதி எடுத்து அனுப்பியபோது, குழப்பம் நேராதிருக்க ஏனைய ஏடுகளை எரிக்கச் செய்தார்கள் என்பது புகாரியில் உள்ள வரலாறு. எரிப்பது நம் மக்களின் மனத்துக்கு ஒவ்வாது. அதை நான் வற்புறுத்தப் போவதில்லை. மண் எல்லாருக்கும் ஒத்துவரும்.

சேலைகளைப் பற்றி அந்தப் பெரியவர் சொன்னபோது, நான் பதில் ஏதும் சொல்லாமலிருந்ததற்கு இதுவே காரணம். அம்மா மண்டபத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் அங்கே நீராடுகிறவர்கள். அவர்களிலேயே இதை எண்ணி வருந்துவோர் பலர் உண்டு. நம்முடைய கணக்கு நம்மிடம் இருக்கிறது. ஏடு மட்டுமா? ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுநாள் கால்வாய்க் கரையில் நடந்து பாருங்கள். முன்பெல்லாம் குர்பானித் தோலுக்கு விலை இருந்தது. மதரஸாவின் ஒரு பருவச் செலவுக்கு அது உதவிற்று. சில ஆண்டுகளாகத் தோலைக் கேட்பார் இல்லை. குடலோடும் சாணத்தோடும் அதுவும் சாக்கில் கட்டி எங்கோ போய்விடுகிறது. எங்கே என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை, கூலிக்குக் கொண்டு போகிறவர் சொல்வதுமில்லை. ஆண்டு முழுவதும் கோழிக் கடைகளின் கழிவுக்கும் இதுவே வழி. விலை உள்ளவரை எதுவும் கழிவாவதில்லை என்று நம் தோல் வணிகர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய தொழிலே பாலாற்றங்கரையில் என்ன செய்தது என்பதை 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாக எழுதியது. வாணியம்பாடி, ஆம்பூர்க் குடும்பங்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

படகு போன பின் ஒரு நீர்வழி என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்தின் பெரிய சான்று சென்னையில் இருக்கிறது. 1806-இல் தனியார் ஒருவர் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. ஆந்திரத்திலிருந்து தமிழகத்தின் மரக்காணம் பக்கம் வரை சுமார் 420 கிலோமீட்டர். விறகும் உப்பும் நெல்லும் மீனும் அதில் படகேறிப் பட்டணம் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் புயல்கள் கரைகளை உடைத்தன, லாரிகள் சரக்கைப் பறித்துக்கொண்டன, படகுகள் நின்றன. படகு நின்றதும் நகரம் அதில் சாக்கடையைத் திறந்துவிட்டது. பின்னர் பறக்கும் இரயிலின் தூண்கள் அதன் படுகையிலேயே ஊன்றப்பட்டன. 2008-இல் அது தேசிய நீர்வழி எண் 4-இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது என்பதை, மயிலாப்பூரில் அதன் கரையோரம் குடியிருப்பவரிடம் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

அப்படியானால் படகுகளைத் திரும்பக் கொண்டுவந்தால் தண்ணீர் தெளிந்துவிடுமா? உல்லாசப் படகு விட்டால் நீர்நிலை பிழைக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆலப்புழையில் படகு வீடுகளுக்குக் குறைவே இல்லை. வேம்பநாட்டு ஏரி 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். ஆனால் அந்தப் படகு வீடுகளின் கழிப்பறை நீரும் சமையற் கழிவும் எரிபொருள் எண்ணெயும் ஏரிக்கே போகின்றன என்ற முறையீடு அங்கே ஓயவில்லை. அங்கே பயணி ஒருநாள் விருந்தாளி. எங்கள் பரிசல்காரர் நாள்தோறும் அதே நீரில் காலை வைத்தவர். தண்ணீரின் மேல் போவதால் மட்டும் யாரும் காவலராகிவிடுவதில்லை. மறுநாளும் அதே தண்ணீரில் இறங்கியாக வேண்டும் என்ற கட்டாயந்தான் அவரைக் காவலராக்கிற்று.

அந்தக் கட்டாயம் நமக்கும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் மறந்திருக்கிறோம். திருச்சி மாநகரம் குடிப்பது கம்பரசம்பேட்டையிலும் கொள்ளிடத்திலும் ஆற்று மணலுக்கடியிலிருந்து எடுக்கும் தண்ணீர். மணல் கலங்கலை வடிகட்டும். கரைந்த உப்பையும் சாயத்தையும் வடிகட்டாது. நொய்யலும் அமராவதியும் வழியாகத் திருப்பூர், கரூர்ச் சாயக் கழிவு நமக்கு மேலே காவிரியில் கலந்த கதை எல்லாரும் அறிந்தது; 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது முற்றியது. திருச்சிக்காரர் அப்போது கரூரைக் குறை கூறினார்கள். தஞ்சைக்காரர் நம்மைக் குறை கூறினால் என்ன சொல்வோம்? நமக்குக் கீழேதான் கல்லணையும், அதன் கீழே தஞ்சையும் கும்பகோணமும் ஐயம்பேட்டையும் இருக்கின்றன. காவிரி நீர் இன்று ஆற்றின் வழியே மட்டும் போவதில்லை. திருச்சிப் பக்கத்தில் எடுக்கும் நீர் குழாய் வழியாக இராமநாதபுரம் மாவட்டம் வரை போகிறது. கீழக்கரையிலும் பரமக்குடியிலும் இதைப் படிக்கிற குடும்பங்கள், தங்கள் வீட்டுக் குழாயில் வருவது எங்கள் ஊர் ஆற்றின் தண்ணீர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மரத்துப் பொந்திலிருந்த ஏடுகளை அன்றே போய் எடுத்து வந்தேன். நான்கு பைகள் இருந்தன. உலர்த்தி எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் மாடியில் வைத்தோம். விஷயம் ஜமாஅத் கூட்டத்துக்கு வந்தது. பள்ளிவாசல் வாயிலில் ஒரு மரப்பெட்டி வைப்பது, பழுதான ஏடுகளை அதில் சேர்ப்பது, ஆண்டுக்கொரு முறை மையவாடியில் குழியெடுத்து அடக்குவது என்பது யோசனை. பெட்டிக்கு எதிர்ப்பில்லை. குழிக்குத்தான் எதிர்ப்பு வந்தது. மையத்துகளுக்கே இடம் போதவில்லை, ஏட்டுக்கு எங்கே இடம் என்று முத்தவல்லி கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. எங்களைவிட மூத்த ஒருவர், தம் உம்மா காலத்திலிருந்து காவிரியில்தான் விட்டு வருகிறோம், அதை மாற்ற நீங்கள் யார் என்றார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உலர்த்தியும் சேற்று வாடை போகாத பை ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தோம். அவர் வெகுநேரம் அதன் மேல் கை வைத்திருந்தார்.

மதில் ஓரத்தில், வேப்ப மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே, மையத்து அடக்க முடியாத குறுகலான ஓரிடம் இருப்பதாக மோதினார் அடுத்த வாரம் வந்து சொன்னார். ஆறடி நீளம், இரண்டடி அகலம். வேர் அதிகமாக இருப்பதால் தோண்டச் சற்று நேரமாகும், ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம் என்றும் சொன்னார். பெட்டிக்குத் தச்சரிடம் சொல்லியாயிற்று.